யார் கையால் பால்

நான் ஊரைவிட்டுப் போவதா வேண்டாமா என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். ஃபிரிட்ஜை எடுத்துப் போகிறேனா, அங்கே புதிதாக வாங்கிக்கொள்கிறேனா என்று கேட்டார்கள். கட்டிலை எந்த அறையில் போடுவது என்று கேட்டார்கள். "உனக்குப் போக இஷ்டமா?" என்று மட்டும் ஒரு வாயும் கேட்கவில்லை.

கணவர் போன பிறகு தாம்பரம் பக்கத்தில் செம்பாக்கத்தில், ஏரியை ஒட்டிய தெருவில் தனியாக இருக்கிறேன். பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில், தைத்து வரும் பைகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. போன வருஷம் அதிலிருந்து நின்றேன். அவ்வளவுதான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை தனியாக இருக்கத் தெரிந்தவளுக்கு, வேலையை விட்ட மறுநாளே தனியாக இருக்கத் தெரியாமல் போய்விட்டது என்று குடும்பமே கண்டுபிடித்தது.

செய்யாறு பக்கம் ஒரு சின்ன ஊரில் என் அண்ணன் இருக்கிறார். அவர் தெருவிலேயே ஒரு வீடு காலியானது. "நல்ல காத்து, நல்ல தண்ணி, கூப்பிடு தூரத்துல நான் இருக்கேன். வேற என்னம்மா வேணும்?" என்றார் போனில்.

மகனும் அதையே பாடினான். "மாமா பக்கத்துல இருந்தா எனக்கும் நிம்மதிம்மா." அவன் இருப்பது நாவலூரில். செம்பாக்கத்துக்கும் நாவலூருக்கும் நடுவில் என்ன கடலா இருக்கிறது? மேடவாக்கம்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் காரை நிறுத்த இடம் கிடைத்தால், எட்டிப் பார்க்கிறவனுக்கு என்னைச் செய்யாற்றுக்கு அனுப்பினால் நிம்மதியாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டு அரைக்கீரையை அரைகுறையாக ஆய்ந்து, வேரோடு கடைந்து வைத்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும், எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. அந்த ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வீட்டுமனை போட்டவர்கள் தண்ணீர் போகும் வழியில் போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீருக்கு அதன் வழி மறக்கவில்லை. மெத்தையைத் தூக்கி மேசைமேல் போட்டுவிட்டு மாடி வீட்டில் போய்ப் படுத்தேன். வடிந்த பிறகு வந்த நாற்றம் பினாயிலுக்கெல்லாம் அடங்குவதாக இல்லை. போதாததற்கு கேம்ப் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் ஷேர் ஆட்டோக்காரன் என் முழங்காலைக் குறிவைத்தே வருகிறான். ஆக, அண்ணன் சொன்ன நல்ல காற்று என் மனசில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன்.

தெருமுனையில் மீன் விற்கிற பெண், கோவளம் பக்கத்திலிருந்து வருகிறவள், அவள் காதுவரைக்கும் சேதி போய்விட்டது. "இன்னாக்கா, வூட்ட காலி பண்ணிக்கினு போறியாமே? அங்க மீனு கெடைக்குமா?"

"ஏரி மீன் கிடைக்கும்."

"ஏரி மீனெல்லாம் ஒரு மீனாக்கா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சங்கராவை எடைபோட்டாள்.

கார்த்திகை பாதியில் அண்ணன் அவசரப்பட ஆரம்பித்தார். "மார்கழி பொறந்துட்டா ஆவாது. அதுக்குள்ள பாலைக் காய்ச்சிடுவோம். சாமான் தையில மெதுவா வரட்டும்." பாலைக் காய்ச்சிவிட்டால் குடிபோன மாதிரிதான், அப்புறம் பின்வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் பால் காய்ச்சுகிற எவர்சில்வர் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, துணிப்பையில் வைத்துக்கொண்டேன். மகன் காரில் அழைத்துப்போனான். வழியில் நிறுத்தச் சொல்லி நானே பால் வாங்கினேன்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம். தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன், சர்க்கரைப் பாகு மாதிரி இனித்தது. சாமி படம், உப்பு, மஞ்சள் எல்லாம் அண்ணி கொண்டுவந்து வைத்திருந்தார். நான் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, பாலை ஊற்றி, பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தேன்.

"நீ கொஞ்சம் உள் ரூம்ல இரும்மா. பால் பொங்கினதும் கூப்பிடறேன்" என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு உடனே புரியவில்லை. அண்ணன்தான் விளக்கினார். "முதல் அடுப்பு பாரு. சுமங்கலி கையால இருந்தா நல்லது. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான், தப்பா எடுத்துக்காத."

மகனைப் பார்த்தேன். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, சின்ன விஷயம். பெருசாக்காதீங்க" என்றான்.

அவனுடைய நாவலூர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அவன் மாமியார் பால் காய்ச்சினார். நான் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அது அவர்கள் வீடு, அவர்கள் பால், போகட்டும் என்று விட்டேன். இது அப்படியா? பாத்திரம் என்னுடையது. பால் நான் வாங்கியது. இனி சாகிறவரைக்கும் இந்த அடுப்பில் தனியாக நின்று சமைக்கப்போகிறவள் நான். பற்றவைக்க மட்டும் என் கை ஆகாதாம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அண்ணன் அதைப் பாலில் செய்து காட்டினார்.

செம்பாக்கத்தில் தினமும் காலையில் என் கையால்தான் பால் பொங்குகிறது. கணவர் போன மறு மாதமும் பொங்கியது, வெள்ளம் வடிந்த மறுநாளும் பொங்கியது. இவள் யார் என்று விசாரித்துவிட்டு அது ஒரு நாளும் பொங்கியதில்லை.

நான் சண்டை போடவில்லை. தீப்பெட்டியை அண்ணி கையில் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய் நின்றேன். கட்டில் போட வேண்டிய அறை. பால் பொங்கியதும் எல்லோரும் சந்தோஷமாகச் சத்தம் போட்டார்கள். அண்ணி எனக்கு ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். "நான் சொல்லலம்மா, உங்க அண்ணன்தான்" என்று மெல்லச் சொன்னார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பாலைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது. டம்ளரைக் கழுவினேன். மிச்சப் பாலை அண்ணி கொண்டுவந்த சொம்பில் ஊற்றிவிட்டு என் பாத்திரத்தையும் கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன்.

"பாத்திரத்தை ஏன்மா எடுக்கற? இங்கயே இருக்கட்டுமே" என்றார் அண்ணன்.

"பால் காய்ச்சினவங்கதானேண்ணா குடிபோகணும்? அண்ணி காய்ச்சிட்டாங்க. நீங்க ரெண்டு பேருமே வந்து இருங்க. வீடு நல்லா இருக்கு, தண்ணியும் இனிப்பா இருக்கு."

மகன் காரில் ஏறச் சொல்லிப் பின்னாலேயே வந்தான். ஏறவில்லை. பஸ் பிடித்துக் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து தாம்பரத்துக்கு இன்னொரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் மடியில் பாத்திரம். மறுநாள் மீன்காரப் பெண், "இன்னாக்கா, வூடு புடிக்கலியா?" என்று கேட்டாள். வீடு பிடித்திருந்தது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மீனுக்குச் செதில் எடுக்க ஆரம்பித்தாள்.

தை பிறந்ததும் அண்ணன் போன் செய்தார். நடந்ததை மறந்துவிட்டவர் போலவே பேசினார். "அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் வரலம்மா. உனக்காக நிறுத்தி வெச்சிருக்கேன். வேற நல்ல நாள் பாக்கவா?"

"பாருங்கண்ணா. வரேன். அன்னைக்குப் பால் யார் காய்ச்சறதுன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

"கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மாசி முடிந்துவிட்டது. இன்னும் யாரோடு கலந்து பேசிக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. நான் செம்பாக்கத்தில்தான் இருக்கிறேன்.