கையைத் தூக்கு, வாயைத் திற

எனக்கு எழுத்து வந்தது எட்டு வயதில். சுரங்கம் தோண்டுவது ஆறு வயதிலேயே வந்துவிட்டது. தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பத்தில் எங்கள் தட்டி வீடுகளுக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. அதில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கொட்டாங்கச்சியாலும் உடைந்த கரண்டியாலும் இடுப்பளவுக்கு ஒரு ஷாஃப்ட், அதாவது சுரங்கக் குழி, இறக்கியிருந்தோம். தகர டப்பாவில் கயிறு கட்டினால் அதுதான் ஆளை இறக்கி ஏற்றும் கேஜ். மண் எங்கே சரியும், எங்கே குச்சியை முட்டுக் கொடுக்க வேண்டும், எவ்வளவு ஆழத்தில் ஈரம் தட்டும் என்பதெல்லாம் எங்கள் விரல்களுக்கே தெரியும். தங்கம் ஒன்றுதான் கிடைக்கவில்லை.

நான் தோண்டிய பக்கமெல்லாம் சரிந்தது. "நீ உள்ள வராதடா, சாவடிச்சுடுவ" என்று கூட்டாளிகள் என்னை மேலே ஏற்றிச் சோதனைக்காரன் ஆக்கிவிட்டார்கள். வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் தங்கத்தை ஒளித்துக் கொண்டுபோகாமல் தடவிப் பார்க்கும் பெரிய உத்தியோகம். சுரங்க வாசல் வேலி இடுக்கில் கண்ணும் காதும் வைத்து, நிஜச் சோதனைக்காரரின் குரலைக்கூடக் கற்றுக்கொண்டேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பெரிய மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். தங்கையை இந்தக் கல்லுக்காட்டுக்கு அனுப்பியதில் அவருக்கு முதலிலிருந்தே மனமில்லை. அவள் மரியாதையாக வாழ்கிறாள் என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டு, ஊரில் போய்ச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது போதும்.

சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்த அப்பா குளித்து, வெளுத்த தலைப்பாகை கட்டிக்கொண்டு, மாமாவை எங்கள் மேட்டுப் பக்கமாக அழைத்து வந்தார்.

"இங்க நம்ம பேச்சுக்கு ஒரு மருவாத இருக்குது மச்சான். தொரையே நம்மள இன்னா ஏதுன்னு கேட்டுத்தான் செய்வாரு."

"அப்டியா மாப்ளே?" என்றார் மாமா, பாதி நம்பி.

இதைவிட நல்ல சமயம் எனக்கு எப்போது வாய்க்கும்? குச்சியோடு குதித்து வழிமறித்தேன்.

"நில்லுடா! கையத் தூக்கு!"

அப்பாவின் இரண்டு கைகளும் மேலே போயின.

"வாயத் தொற! நாக்கத் தூக்கு!"

திறந்தார். தூக்கினார். நான் சொல்லுமுன்பே தலைப்பாகையை அவிழ்த்து, குடுமியை உதறி, வலது காலைத் தூக்கிக் காட்டினார். பிறகு இடது கால். ஒரு பிசகில்லை. பையன்கள் கைதட்டினார்கள். கை வேட்டி முடிச்சுக்குப் போனபோதுதான் எதையோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார்.

மாமா தூரத்துக் கல்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெனமும் இப்டித்தானா, மாப்ளே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பசங்க வெளையாட்டு மச்சான்" என்றார் அப்பா. தலைப்பாகையைத் திரும்பக் கட்டினார். இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது.

என்னை யாரும் அடிக்கவில்லை. அதற்கு முன் எதற்கெல்லாமோ அடி வாங்கியவன் நான். அன்று மட்டும் தப்பித்தது என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். மாமா மறுநாள் காலை ரயிலுக்கே கிளம்பிவிட்டார். போகும்போது அம்மாவின் தலையில் கை வைத்துவிட்டு நடந்தார்.

எங்களோடு ஒருநாளும் விளையாடாத அப்பா, அன்று எவ்வளவு நன்றாக விளையாடினார்! "எங்கப்பன மாதிரி ஆட உங்கப்பனுக்கெல்லாம் வருமாடா?" என்று எங்கள் வீட்டு லைன் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அப்பா மேட்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். ஷிப்டு முடிந்தால் லைன் கோடியில் இருந்த கிணற்றைச் சுற்றி நீள வழியாக வந்தார். இருட்டில் எங்கள் குழியில் தவறி விழுந்துவிடலாம் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என நினைத்துக்கொண்டு, கூட்டாளிகளிடம் குட்டு வாங்கிக்கொண்டே, நான் ஒருவனாக அந்தக் குழியைத் தூர்த்து, மேலே மிதித்துச் சமன் செய்தேன். "இனிமே பயமில்லப்பா, இப்டியே வாங்க" என்று அவரிடம் போய்ச் சொன்னேன்.

அப்பா என் செம்மண் கைகளைப் பார்த்தார். "சரிடா கண்ணு" என்றார்.

அடுத்த நாளும் கிணற்றைச் சுற்றியே வந்தார்.