வெரோனா மாப்பிள்ளையும் வதங்கிய திராட்சையும்

மாப்பிள்ளை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். சொன்ன நாளில் போனால் வீட்டைக் கழுவி, பேச வேண்டியதையும் பேசி வைத்திருப்பார்கள். மிளகாய்ப் பொடி மில் நடத்துகிறவள் நான். சாக்கின் வாயில் கிடக்கும் வத்தலைப் பார்த்து ஒருநாளும் விலை பேசியதில்லை.

என் மகள் ஷைனிக்கு வந்த வரன் இது. பையன் பெயர் ரூபன். இத்தாலியில் வெரோனா பக்கம் பழம் காயவைக்கிற கம்பெனியில் வேலை என்றார் தரகர். பழம் காயவைக்க இங்கிருந்து ஆளா என்று துருவியதும், “வைன் கம்பெனிதான்” என்று இழுத்தார். ஷைனியின் அப்பாவைக் குடிக்குத்தான் கொடுத்தேன். மகளையும் கொடுக்க முடியாது.

ரூபனின் ஊருக்குப் பஸ் மாறும் விளாத்திகுளம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு ரூபனின் ஊர்தான் என்று தெரிந்ததும் நைசாக விசாரித்தேன். “நல்லவியதான். ஆனா அந்தப் பையன் லீவுக்கு வந்தா பாட்டில் கொண்டாருவான்னு ஊர்ல பேசுவாவ” என்றாள். அப்படியே திரும்பிவிடலாமா என்றிருந்தது. விளாத்திகுளத்தில் இறங்கி, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டு முன்னால் களம் முழுக்க வத்தல். கைலியை மடித்துக் கட்டி அதைக் கிண்டிக்கொண்டிருந்தவன்தான், லீவுக்கு வந்திருந்த ரூபன். “வாங்கத்தை, ஞாயித்துக்கெழமன்னுல்லா சொன்னாவ?” என்றான். வத்தல் வாங்க வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று புளுகினேன். அவன் அம்மா காப்பி போட உள்ளே ஓடினாள். அதுதான் சமயம் என்று, வேலையைப் பற்றிக் கேட்டேன்.

போனில் ஒரு வீடியோ காட்டினான். நீளமான மாடி, சன்னல் சன்னலாகத் திறந்திருந்தது. தட்டுத் தட்டாகக் கருப்புத் திராட்சை.

“அக்டோபர் வாக்குல பறிச்சு, குலையோட ஒத்த அடுக்கா பரப்பிருவோம். ஒண்ணுமேல ஒண்ணு கெடந்தா பூசணம் புடிச்சிரும். மூணு நாலு மாசம் கெடக்கும்.”

“வெயில்லயா?”

“வெயிலே ஆகாதுத்தை. காத்துலதான்.”

“எட கொறையுமே?”

“மூணுல ஒரு பங்கு போயிரும், மேலயும் போவும்.”

எடை குறையட்டும் என்று காத்திருக்கும் வியாபாரியை நான் கண்டதில்லை. தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்களைத்தான் தெரியும். இதில் எங்கோ இடிக்கிறது என்று பட்டது. அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். வதங்கிய பழத்தைக் குளிர்காலத்தில் நசுக்கி, மெதுவாகப் புளிக்க விடுவார்களாம். பழத்தின் இனிப்பு முழுவதும் சாராயமாக மாறிவிடுமாம். அப்புறம் வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் வைப்பார்களாம். அதற்குப் பெயர் அமரோனே.

“பாட்டில் இருக்கா?” என்றேன்.

தயங்கினான். பிறகு எடுத்து வந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றினான். நாவற்பழச் சாற்றின் நிறம். மோந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாயில் அடித்த நாற்றம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வரவில்லை. உலர்ந்த திராட்சை வாசமும், பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசமும்தான் வந்தன. அதுவே எனக்குக் கோபமாக இருந்தது. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பே இல்லை. துவர்த்து, கடைசியில் கசந்தது.

அவன் ஒரு வாய் எடுத்து, வாய்க்குள்ளேயே சுழற்றி, வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்தான். குடிக்கிறவன் துப்பி என் ஆயுளில் பார்த்ததில்லை.

“அங்க வேலையில ஒரு நாளைக்கு எத்தன பீப்பா ருசி பாக்கணும்! முழுங்குனா நாக்கு செத்துரும்” என்றான்.

எனக்குப் பாதி பாரம் இறங்கியது. “அப்ப நீ குடிக்கவே மாட்டியா?” என்று கேட்டேன்.

காப்பியோடு வந்த அவன் அம்மா, மாட்டேன் என்று சொல்லும்படி அவனுக்குக் கண்ணைக் காட்டியதைப் பார்த்துவிட்டேன். அவனும் பார்த்தான்.

“குடிப்பேன்த்தை. ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ். வேலையிலதான் துப்புதது.”

காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஷைனியின் அப்பா பெண் பார்க்க வந்தபோது, காப்பியைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றார். வீடே மகிழ்ந்து போயிற்று. இவனும் அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் இன்று நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். உண்மையைச் சொல்லி என்னை மாட்டிவைத்துவிட்டானே என்று எரிச்சலாக வந்தது.

திரும்பும் பஸ்ஸில் மகளுக்குப் போன் போட்டேன். “ஏட்டி, அந்தப் பையன் தெனம் ஒரு கிளாஸ் குடிக்கானாம்.”

“தெரியும்மா. மொத நாளு பேசும்போதே சொல்லிட்டாரு. நீ வேண்டாம்னுருவேன்னு நாந்தான் ஒங்கிட்ட சொல்லல.”

ஊரெல்லாம் துப்புத் துலக்கப் போனவளுக்கு, சொந்த வீட்டில் நடந்தது தெரியவில்லை. “நீ என்ன சொன்ன?” என்றேன்.

“ரெண்டாவது கிளாஸ் ஊத்துனா பெட்டிய எடுத்துட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னு சொன்னேன். சரின்னாரு.”

இருபது வருஷம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியாமல் இருந்துவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

“சொன்னபடி வந்துரணும், என்னட்டி?”

“வந்துருவேம்மா.”

அதன் பிறகுதான் தரகரைக் கூப்பிட்டுச் சம்மதம் சொன்னேன்.