ஈரமில்லாத மணல்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு மணல்காரி என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகப்போகிற ஆறு சக்கர வண்டியின் மாதிரியை மணலில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. பெரிய கொட்டகையின் நடுவே மணல் நிரப்பிய தொட்டி; அதன் ஒரு கோடியில் ஆள் உயரச் சரிவு. செவ்வாயில் எந்தப் பொருளும் இங்கே இருப்பதைவிட எடை குறைந்து நிற்கும். அதனால் மாதிரி வண்டியில் கருவி எதுவும் ஏற்றாமல், எலும்பும் தோலுமாக விட்டிருந்தார்கள்.

அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் தையல்கூடத்தில் வேலை செய்கிறவள். மகளின் காலணியிலிருந்து தினமும் மணல் கொட்டுவதைப் பார்த்து, "மண்ணுல விளையாட இவ்வளவு படிக்கணுமா? உன்னை மூணு வயசுலயே அங்க சேர்த்து விட்டிருப்பேனே" என்பாள்.

மகள் சிரித்துவைப்பாள். ஆனால், ஏதோ தவறுதலாகத்தான் தன்னை உள்ளே விட்டுவிட்டார்களோ என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே பொருள் அவள் எழுதிய கணினி நிரல். சக்கரங்கள் புதைந்து வீணாகச் சுற்றினால் அது விழித்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தும். பின்சக்கரங்களை ஊன்றவைத்து முன்சக்கரங்களை நீட்டும். பிறகு முன்னவை பிடித்துக்கொள்ள, பின்னவற்றை இழுக்கும். புழு நகர்கிற மாதிரி. சமதளத்தில் அது வேலை செய்தது. சரிவில் இன்றுதான் முதல் தடவை.

பிற்பகலில் தேர்வுக்குழு வருகிறது. வண்டி சரிவில் ஏறினால் நிரல் செவ்வாய்க்குப் போகும். இல்லையென்றால் இங்கேயே கிடக்கும். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

காலை ஒத்திகையில் வண்டி விறுவிறுவென்று ஏறி உச்சியில் நின்றது. கொட்டகையே கைதட்டியது. திட்டத் தலைவி அவள் தோளைத் தட்டி, "இதையே மத்தியானமும் காட்டிடு, போதும்" என்றார்.

மணல்காரி திரையைப் பார்த்தாள். நிரல் ஒரு முறைகூட விழிக்கவில்லை. சக்கரம் வழுக்கவே இல்லை. நிரல் இல்லாமல் ஓட்டியபோதெல்லாம் பாதிச் சரிவில் படுத்துவிட்ட வண்டிக்கு இன்று என்ன வந்தது? தொட்டிக்குள் இறங்கி ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கினாள். கையை விரித்தபோது அது உதிரவில்லை. விரல் தடத்தோடு உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணா, இதுல தண்ணி பட்டுச்சா?"

வண்டியின் மின் இணைப்புகளைக் கவனிக்கும் ஒயர் அண்ணா பெருமையாகத் தலையாட்டினார். "நேத்து சாயங்காலம் நல்லாத் தெளிச்சு விட்டேன்மா. பெரிய மனுஷங்க வர்றாங்க. கோட்டெல்லாம் தூசியானா நல்லாவா இருக்கும்?"

அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கைதட்டலை வாங்கிப் பழக்கமில்லாததால்தான் குறை தேடுகிறேனோ என்றுகூடத் தோன்றியது. மறுபடி உள்ளங்கையைப் பார்த்தாள். அதெல்லாம் இல்லை. மணல் ஈரம், அதனால் இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். செவ்வாயில் வாளியோடு யாரும் காத்திருக்கமாட்டார்கள். மாட்டிக்கொண்டால் தள்ளிவிடவும் ஆள் இல்லை.

"மேடம், காலைல ஏறினது வண்டி இல்ல. தண்ணி."

தலைவி உருண்டையை வாங்கிப் பார்த்தார். "காய்ஞ்ச மணல்ல ஏறுமா?"

"ஏறணும்."

"ஏறுமான்னு கேட்டேன்."

"பாதியில நிக்கும் மேடம். அப்புறம் ஏறும்."

தலைவி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அப்புறம் என்ன வேடிக்கை? மண்வெட்டி எங்க?"

ஈர மணல் வெளியே போயிற்று. கிடங்கிலிருந்து காய்ந்த மணல் பீப்பாய் பீப்பாயாக வந்தது. "தெளிச்ச பாவம் முதுகுல ஏறுது" என்று முனகிக்கொண்டே ஒயர் அண்ணா எல்லோரையும்விட அதிகம் சுமந்தார்.

குழு வந்தபோது கொட்டகை முழுக்கத் தூசி. வண்டி கிளம்பியது. பாதிச் சரிவில் சக்கரங்கள் சுற்றின, தோண்டின, அடிவயிறு வரை புதைந்தன. வண்டி நின்றுவிட்டது.

குழுத் தலைவர் கோட்டைத் தட்டிக்கொண்டே, "மாட்டிக்கிச்சா?" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு எழுந்தது. "இல்ல சார். இப்பதான் முழிச்சிருக்கு."

முன்சக்கரங்கள் மெல்ல நீண்டன. மணலைப் பிடித்தன. பின்சக்கரங்கள் இழுபட்டு மேலே வந்தன. மறுபடி நீட்டல், மறுபடி இழுப்பு. மணல் சரசரவென்று கீழே ஓட, வண்டி அதன் மேல் ஊர்ந்தது. யாரும் இருமக்கூட இல்லை. உச்சி விளிம்பில் முன்சக்கரம் தொற்றியபோது ஒயர் அண்ணா தன்னை மறந்து வண்டியை, "வாடா, வாடா ராசா" என்று அழைத்தார். அது வந்தது.

"இன்னொரு தடவை" என்றார் குழுத் தலைவர். இன்னொரு தடவையும் ஏறியது. புருவத்தில் தூசியோடு அவர் சிரித்தார். "இது போகட்டும். செவ்வாய்க்கு இதுதான் போகணும்."

அவள் வெளியே ஓடிவந்து அம்மாவைக் கைபேசியில் அழைத்தாள். பின்னணியில் தையல் இயந்திரங்கள் கடகடத்தன.

"ஏறிருச்சும்மா."

"எவ்வளவு தூரம்?"

"ஒரு பத்தடி இருக்கும்."

"பத்தடிக்கா இத்தனை நாள் சோறு தண்ணி இல்லாம கிடந்தே?"

"அடுத்தது செவ்வாய்லம்மா. நான் எழுதினதுதான் போகுது."

மறுமுனையில் அம்மாவின் குரல் உயர்ந்தது. அது மகளிடம் பேசவில்லை. "ஏய், எல்லாரும் மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கடி. ஒரு சேதி சொல்லணும்."

ஒவ்வொன்றாக இயந்திரங்கள் அடங்குவதை, காலணியிலிருந்து மணலைக் கொட்டாமலே அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.