முக்கூடலுக்குக் கழுவாத கையோடு

தாமிரபரணிக் கரையில் தோட்டங்களைப் பார்க்கக் கிளம்புகிற உங்களில் சிலர் முக்கூடலுக்கு வழி கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். கூடவே அங்கே நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததே வெட்கக்கேடு.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம். நான் அப்போது கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். மணத்தக்காளி இலையில் வெளிர்பச்சைத் திட்டு விழுந்து சுருண்டுபோவதைத் தேமல் நோய் என்பார்கள், வைரஸால் வருவது. வாய்க்கால் கரையில் தானாக முளைத்த செடியிலிருந்து அது தோட்டத்துச் செடிக்குப் போகிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஜங்ஷனில் காலை 6.40 பஸ். பேட்டை வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர், அப்போது நாலு ரூபாய் டிக்கெட், ஒரு மணி நேரம். இறங்கி வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடை. அதற்குள் நான் மூன்று தடவை மூக்குப்பொடி போட்டிருந்தேன். பொடி மட்டை இல்லாமல் வீட்டுப் படி இறங்காத காலம் அது.

கரைச் செடிகளில் நோய் இல்லை. பக்கத்துத் தோட்டம் முப்பிடாதியுடையது. முப்பது வயதுப் பெண். பாதி நாள் பீடி சுற்றுவார். மீதி நாள் ஓர் அண்ணாச்சியிடம் குத்தகைக்கு எடுத்த பத்து சென்ட்டில் மணத்தக்காளி. பழம் வத்தலாகி டவுன் கடைக்குப் போகும்.

செம்பில் தண்ணீரோடு வந்தார். “கையக் கழுவிக்கிடுங்க சார்வாள். புகையிலை வாடை பழத்துல ஏறிரும். நானே கழுவாமத் தொடமாட்டேன்.”

“நானாம்மா பீடி சுத்துதேன்?” என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன். அங்கேயும் நோய் இல்லை. சோதனைக்கு இருபது செடிகளில் கொழுந்து கிள்ளி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன்.

மூன்று வாரம் கழித்துப் போனால் தோட்டத்தில் தேமல். அண்ணாச்சியும் வந்து நின்றார். வகுப்பில் பாடம் நடத்துகிற தோரணையில் சொன்னேன்: “புகையிலையில இருந்து தொத்துத வைரஸ், அண்ணாச்சி. பீடி சுத்துத கைதான் காரணம்.”

“ஏளா, இனிம இதுக்குள்ள கால வைக்காத. வேற ஆளுக்கு விட்டுருதேன்” என்று முப்பிடாதியிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முப்பிடாதி சண்டை போடவில்லை. என்னை வரப்போரம் கூட்டிப்போனார். “நோவு வந்ததெல்லாம் நீங்க நூல் கட்டின செடி சார்வாள். மத்தத நான் தினமும் தொடுதேன். அது நல்லாத்தான இருக்கு?”

எண்ணினேன். நூல் கட்டியதில் பதினேழு. கட்டாததில் ஒன்றுகூட இல்லை. பதற்றத்தில் என் கை தானாகப் பொடி மட்டையைத் தேடிப்போனது. பொடியும் புகையிலைதான். அவரும் அதைப் பார்த்தார்.

“அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றார். தலையாட்டினேன்.

அண்ணாச்சி பஸ் நிறுத்தத்து டீக்கடையில்தான் இருந்தார். “என்ன சார்வாள், பீடிக் கைதான?” என்றார். 11.15 வண்டி வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நாலைந்து பேர். “ஆமா அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். பேட்டை வரும்வரை என்னால் தலை நிமிர முடியவில்லை.

அடுத்த மாதம் போனபோது வேறொருவர் அங்கே மிளகாய் நட்டிருந்தார். முப்பிடாதி வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

நீங்கள் போனால் காலை வண்டியிலேயே போங்கள். பத்து மணிக்கு மேல் நடக்க முடியாத வெயில். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், பொடி எதுவானாலும் வீட்டிலேயே இருக்கட்டும். செடியைத் தொடுமுன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்டக்காரர் செம்போடு வந்தால் மறுபேச்சுப் பேசாதீர்கள்.

அந்த வாய்க்கால் கரையில் முப்பிடாதி என்று விசாரியுங்கள். அன்று செடியைக் கெடுத்தது வாத்தியார் கைதான் என்று ஊரில் நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள். இதற்கும் உங்களைத்தான் அனுப்புகிறேன், பாருங்கள்.