துப்பாக்கி கழுவிய வெந்நீர்

தீபாவளிக்கு மறுநாள், மழையில் நனைந்த வெடிக்குப்பையின் வாடை ஜன்னல் வழியே வந்தது. அடையாறில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "உள்ளே முட்டை வேகுதா?"

அந்தக் கேள்வி எனக்குப் பழையது. மேற்கு மாம்பலத்தில் அப்பா சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒன்று வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வரின் நகல். குண்டு கிடையாது, கருமருந்தைப் போட்டு மேலே உப்புமா ரவையை அடைத்துச் சுடுவார்கள். சுட்ட அன்றே கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடும். அம்மாதான் அதைக் கழற்றி, சமையலறையில் வெந்நீர் ஊற்றிக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவுவாள். மருந்தின் கந்தகக் கசடு கரைந்து வீடே அழுகிய முட்டையாக நாறும்.

ஒருநாள் வீட்டுக்கார மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "என் ஆத்துல முட்டை கூடாதுன்னு சொல்லித்தானே குடிவெச்சேன்? காலி பண்ணுங்கோ!"

அம்மா ஈரக் குழலை அவர் மூக்கருகே நீட்டினாள். மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டார். "நிஜத் துப்பாக்கியா?"

"நகல்தான் மாமா. அடியில புது கம்பெனி முத்திரை இருக்கு, பாருங்க. நாத்தம் மட்டும் நிஜம்."

"என்னவோ, முட்டை மட்டும் கூடாது" என்றபடி மாமா படியேறினார்.

அதுவரை எங்கள் வீட்டில் யாரும் முட்டை தின்றதில்லை. அம்மா உடனே அப்பாவைக் கடைக்கு அனுப்பினாள்.

அடையாறு உரிமையாளர் வாசலில் பதிலுக்குக் காத்திருந்தார். வெடி வாடை என்று சொல்லியிருக்கலாம்.

"இன்னும் வைக்கல சார்" என்றேன். "இப்பத்தான் வைக்கப்போறேன்."