பத்து நாளில் சமாதானம்

மெட்ராசுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரிக்கிற சமயம். சித்தூர் ஜில்லாவில் ஒரு தாலுகா ஆபீசில் நான் டெம்பரவரி குமாஸ்தா. தெலுங்கு நோட்டீசைத் தமிழில் எழுதி ஊர்களுக்கு அனுப்புவது வேலை. ஏற்கெனவே இரண்டு தப்பு செய்திருந்தேன். "மூணாவது வந்தா பஸ் ஏறு" என்று சொல்லிவிட்டார் தாசில்தார். தங்கச்சி கல்யாணமே என் வேலையை நம்பித்தான் இருந்தது.

தாசில்தார் தெலுங்குக்காரர், முன்கோபி. ஆனால் மத்தியானம் சாப்பிட்டதும் உலக சமாதானப் புத்தகத்தை எடுத்துவிடுவார். எங்களையும் விடமாட்டார்.

"மொதல்ல, ரெண்டு பக்கமும் பலம் சமமா இருந்தா சண்டை வராதுன்னாங்க. வந்துச்சு. ஒப்பந்தம் போடுன்னாங்க. கிழிச்சாங்க. எல்லா நாட்டுக்கும் ஒரு சபைன்னாங்க. இப்போ, சண்டைக்குக் காரணத்தையே எடுக்கணுமாம்!"

நாங்கள் கொட்டாவியை விழுங்கித் தலையாட்டுவோம்.

நகரிப் பக்கம் இரண்டு ஊருக்கு ஒரே ஏரி. கோடு போட்டால் ஒன்று மெட்ராஸ், இன்னொன்று ஆந்திரா. மதகை யார் திறப்பது என்று அடிதடி, மனு, எதிர்மனு. பத்து நாளில் 'சமாதானம்' வேண்டும் என்று இரண்டு ஊருக்கும் தெலுங்கில் நோட்டீஸ் எழுதினார் தாசில்தார். தெலுங்கில் சமாதானம் என்றால் பதில். நானோ அவசரத்தில், "பத்து நாளில் சமாதானம் ஆகாவிட்டால் நடவடிக்கை" என்று தமிழாக்கி அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரே மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள்.

"ஏமய்யா, சமாதானம் எங்கே?" என்று காகிதத்துக்குக் கை நீட்டினார் தாசில்தார்.

"ஆயிட்டோம் சாமி" என்றார் ஒருவர். "ஒரு நாள் நாங்க தொறப்போம், ஒரு நாள் அவங்க. கோடு எங்க போனா எங்களுக்கு இன்னா? ஒண்ணாத் துன்னுட்டுத்தான் வந்திருக்கோம்."

"நடவடிக்கைன்னு எழுதிட்டீங்களே, பயமா இருக்காதா?" என்றார் மற்றவர்.

தாசில்தார் அவர்கள் கையிலிருந்த என் தமிழ் நோட்டீசை வாங்கி, ஹெட் கிளார்க்கைப் படிக்கச் சொன்னார்.

"இது எந்த தியரிய்யா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"தப்பு சார்" என்றேன்.

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஃபைலை மூடு. பஸ் ஏற வேணாம்."

பிறகு பெர்மனென்ட் ஆனேன். தப்பில்லாமல் எழுதவும் கற்றுக்கொண்டேன். எல்லா ஊரிலிருந்தும் ஒழுங்காகப் பதில் வந்தது. ரிடையர் ஆகும் வரை, ஒரு ஊரிலிருந்தும் சமாதானம் வரவில்லை.