பாண்டுரங்கன் பார்க்கும் காது

வெள்ளை எலியின் காதை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார் பாண்டுரங்கன். "செவப்பா கீது சார். இது தேறிடும்." ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே உள்ள எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைக் கவனித்துக்கொள்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவர் தேறாது என்று சொன்ன எலி தேறி நான் பார்த்ததில்லை.

எலியை மயக்கி, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் போகாதபடி ஒரு மணி நேரம் கிளிப் போடுவோம். பிறகு எடுத்துவிடுவோம். முதல் தடவை கிளிப்பை எடுத்ததும் பாண்டுரங்கன் கைதட்டினார். ஆறு மணி நேரத்தில் எலி செத்துப்போயிற்று.

"கட்டிக்கினு இருந்தப்போ உயிரோடதான சார் இருந்துச்சு! அவுத்துவுட்ட பொறவு இன்னாத்துக்கு சாவுது?"

சொன்னேன். ஈரலுக்குள்ளேயே காவல் காக்கும் அணுக்கள் உண்டு. கிருமி வந்தால் அடிப்பது அவற்றின் வேலை. பட்டினி கிடந்த ஈரலுக்கு ரத்தம் திரும்பியதும் அவை மிரண்டுபோய், கிருமிக்கென்று வைத்திருந்த விஷத்தை ஈரல் மேலேயே கொட்டுகின்றன. ரத்தத்தில் வரும் வெள்ளணுக்களையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கின்றன.

"அடப்பாவிங்களா! சொந்த வூட்டயேவா?" வாயில் கை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கிளிப் எடுத்தால் ஆறு மணி நேரம் இடத்தை விட்டு நகரமாட்டார், பீடிக்குக்கூட. எலிக்குக் குளிருமென்று தன் துண்டை மடித்துப் போடுவார். கேட்டால், "பச்ச ஒடம்பு சார்" என்பார்.

இந்த வருடம், 1991 ஆகஸ்டில், மணிமங்கலம் ரோட்டில் சைக்கிளில் போன அவர் மகள் மோகனப்ரியாவை மணல் லாரி அடித்துத் தள்ளியது. ஈரலில் கிழிசல். செய்தி கேட்டு நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காலை பத்து மணிக்கு ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டர் வந்தார்.

"ரத்தக்குழாய இறுக்கிப் பிடிச்சு வச்சுத் தச்சோம். இப்ப ஈரலுக்கு ரத்தம் நல்லா ஓடுது. பயப்படாதீங்க."

மனைவி ரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டார். சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். பாண்டுரங்கன் மட்டும் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"எவ்ளோ நேரம் புட்ச்சி வச்சீங்க டாக்டர்?"

"முக்கால் மணி நேரம்."

இந்த மனிதரிடம் அதையெல்லாம் ஏன் சொல்லித் தொலைத்தேன்?

"மனுசனுக்கும் அப்டித்தானா சார்?" என்றார். எலி அளவுக்கு இருக்காது என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த டீ அவர் பக்கத்தில் ஆடை கட்டிப்போயிற்று.

நான்கு மணிக்கு அவரையும் என்னையும் உள்ளே விட்டார்கள். கட்டிலருகே போய், கம்மல் கழற்றியிருந்த மகளின் காதை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் பக்கம் மெல்லத் திருப்பினார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"நீங்க பாருங்க சார்."